உப்புக்காற்று ஊரில் கோடைப் பானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கச்சிதமாக வரும் நன்னாரி சர்பத் அளவு மண்டபத்தில் அப்படியே வராது. தண்ணீரிலேயே பாதி உப்பு, காற்றில் எந்நேரமும் ஈரம். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலை ஒட்டி இருப்பவர்கள் கோடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றியேதான் வருகின்றன. பதில்களில் வரும் அளவுகள் எல்லாம் வீட்டு அடுப்புக்கானவை. டம்ளர் என்றால் 200 மில்லி.

கிணற்றுத் தண்ணீரில் சர்பத் கலந்தால் ருசி கெடுகிறது. காய்ச்சினால் சரியாகுமா?

ஆகாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாக ஆக உப்பு கூடத்தான் செய்யும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்தது, மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர் என்று இதில் ஒன்றைப் பானத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஊற்றுத் தண்ணீரை மட்டும் கட்டாயம் காய்ச்சி ஆற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீர் எதற்கு ஆகும் என்று தெரிய ஒரு சுலபமான சோதனை: அரை டம்ளர் பாலில் அரை டம்ளர் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பால் திரிந்தால் ரோஸ் மில்க், பாதாம் பால் பக்கம் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள். லேசாகக் கரிக்கும் தண்ணீர் நீர்மோருக்கு ஆகும், உப்பை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறும் ஓரளவு தாங்கும். நன்னாரி, பானகம் இரண்டும் தாங்கவே தாங்காது. அவற்றின் வாசனை மெல்லியது, கரிப்பு அதை அமுக்கிவிடும்.

மண்பானைத் தண்ணீர் குளிரவே மாட்டேன் என்கிறது. பானை சரியில்லையா?

பானையைக் குறை சொல்வதற்கு முன் கொடியில் கிடக்கும் துணியைப் பாருங்கள். ஈரத்துணி காயாத நாளில் பானைத் தண்ணீரும் குளிராது. பானையின் வெளிப்பக்கம் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போதுதான் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றே ஈரமாக இருந்தால் அந்த நீர் எங்கே போகும்? நிலத்தின் மேல் காய்ந்து வரும் கச்சான் வீசும் நாளில் பானை நன்றாகக் குளிரும். கடல் பக்கமிருந்து கொண்டல் வீசினால் அவ்வளவாகக் குளிராது. இதை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் பானையை அடுக்களை மூலையிலிருந்து எடுத்து, காற்று ஊடுருவிப் போகும் வாசல் நடையில், மணல் பரப்பிய தாம்பாளத்தின் மேல் வைக்கலாம். மணலை நனைத்து வைத்தால் இன்னும் கொஞ்சம் பலன்.

இரண்டாவது காரணம் நிஜமாகவே பானையில் இருக்கிறது. கரிப்புத் தண்ணீர் கசிந்து காயும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் பானை கசியாது, கசியாத பானை வெறும் பாத்திரம்தான். மாதம் ஒருமுறை சோப்பு இல்லாமல் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். அதற்குப் பிறகும் வெளிப்பக்கம் நனையவில்லையென்றால் அதில் செடி வைத்துவிட்டு வேறு பானை வாங்குவது நல்லது.

நன்னாரி சர்பத் வீட்டிலேயே காய்ச்சுவது எப்படி? வாசனையே வருவதில்லையே?

வாசனை வராததற்குக் காரணம் பெரும்பாலும் வேரைப் போட்டுக் கொதகொதவென்று கொதிக்க விடுவதுதான். நன்னாரியின் மணம் ஆவியில் பறந்துபோகும் எண்ணெயில் இருக்கிறது. தெருவே மணக்கிறது என்றால் சட்டியில் மிச்சமில்லை என்று அர்த்தம்.

100 கிராம் காய்ந்த நன்னாரி வேர், 800 மில்லி நல்ல தண்ணீர், 1 கிலோ சீனி, 1 எலுமிச்சை. வேரை மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அம்மியிலோ உரலிலோ தட்டுங்கள். தட்டியதும் நடுவிலிருக்கும் வெளுத்த கட்டை நரம்பு தனியே பிரியும். அதில் மணம் இல்லை, எறிந்துவிடலாம். மேல்தோலைக் கொரகொரப்பாக இடித்து ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, தட்டு போட்டு இறுக மூடி 12 மணி நேரம் விடுங்கள். மறுநாள் துணியில் வடித்துப் பிழிந்தால் ஏறத்தாழ 650 மில்லி சாறு கிடைக்கும்.

இதில் 100 மில்லியைத் தனியாக எடுத்து வையுங்கள். வாசனையைக் காப்பாற்றுவது இந்த 100 மில்லிதான். மீதியில் சீனியைக் கரைத்து அடுப்பில் வைத்து, நுரையாக ஒதுங்கும் அழுக்கை எடுத்துவிட்டு, ஒரு கம்பிப் பதம் வரும்வரை கொதிக்க விடுங்கள். ஒரு சொட்டை ஆறவைத்து விரல் நடுவே இழுத்தால் அறுந்து அறுந்து ஒற்றை இழை தெரிய வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. எலுமிச்சைச் சாற்றை விட்டு ஒரு நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து, எடுத்து வைத்த 100 மில்லியைக் கொதிபாகில் ஊற்றிக் கலக்கி உடனே மூடிவிடுங்கள். பாகின் சூடே அதற்குப் போதும். 1 லிட்டருக்குச் சற்று மேல் சர்பத் கிடைக்கும். டம்ளருக்கு 30 மில்லி, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. இந்த உப்பை விட்டுவிடாதீர்கள், அதுதான் இனிப்பைத் திகட்டாமல் வைக்கிறது.

காய்ச்சிய சர்பத் ஒரு வாரத்தில் அடியில் சீனி கட்டிவிட்டது. இன்னொரு தடவை நுரைத்துப் புளித்துவிட்டது. ஏன்?

இரண்டும் எதிரெதிர்த் தப்பு. பதம் தாண்டிவிட்டால் சீனி மறுபடி கல்லாகும். எலுமிச்சைச் சாறு விடுவது அதைத் தடுக்கத்தான், புளிப்பு சீனியில் ஒரு பங்கைப் பிரித்துவிடுவதால் கல் கட்டாது. பதம் குறைந்தால் பாகு இளகலாக இருந்து நுரைக்கும். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சீனி இருந்தால்தான் வெளியில் வைத்தாலும் தாங்கும், மேலே சொன்ன அளவு அந்தக் கணக்கில்தான் வருகிறது. கல் கட்டிய பாட்டிலைச் சுடுநீரில் நிறுத்தி, இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் விட்டுக் குலுக்கினால் மீட்டுவிடலாம். நுரைத்ததைக் கொட்டத்தான் வேண்டும். ஈரப் பாட்டிலில் ஊற்றினாலும் இதே கதைதான்.

கடையில் விற்பது கருஞ்சிவப்பாக இருக்கிறது. வீட்டில் வெளிர் பழுப்பாகத்தான் வருகிறது?

வெளிர் பழுப்புதான் அசல். கருஞ்சிவப்பு, சேர்த்த நிறம். மாகாளிக் கிழங்கு வேரையும் நன்னாரி என்று விற்பதுண்டு. கிட்டத்தட்ட அதே மணம்தான், ஆனால் வேர் தடிமன். நன்னாரி வேர் பென்சிலை விட மெலிந்து, முறுக்கிய கயிறு போலக் கறுப்பு கலந்த பழுப்பாக இருக்கும்.

பதநீர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நேரத்தை. காலையில் மரத்திலிருந்து இறக்கியதை 10 மணிக்குள் குடித்துவிடுவது உத்தமம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதுதான் பதநீரைப் பதநீராக வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் பாளையிலிருந்து சொட்டச் சொட்டவே நொதித்துக் கள்ளாகிவிடும், தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. சுண்ணாம்பும் சில மணி நேரம்தான் தாங்கும். கலயத்தின் ஓரத்தில் பொடி நுரை ஓடுகிறதா, வாயில் வைத்ததும் நாக்கு நுனியில் சுருக்கென்கிறதா, திரும்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சிலர் தண்ணீர் ஊற்றி விற்பார்கள். நல்ல பதனி உதட்டில் பிசுபிசுக்கும், கை காய்ந்தால் விரல் ஒட்டும். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் காய்ந்துதான் ஒரு கிலோ கருப்பட்டி ஆகிறது. அவ்வளவு இனிப்பு உள்ளே இருக்கும்போது உதட்டில் தெரியாமல் இருக்காது. சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் அரை மணி நேரம் ஆடாமல் வைத்து, தெளிந்த மேல் பகுதியை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வாங்கிவந்து மறுநாளைக்கு வைக்கலாமா?

பச்சையாக வைக்காதீர்கள். வந்த உடனே எவர்சில்வர் பாத்திரத்தில் வடிகட்டி, ஒரு கொதி வந்தபின் 5 நிமிடம் விட்டு, ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் கிடக்கும். நிறம் கொஞ்சம் மங்கி, ருசி கருப்பட்டிப் பக்கம் நகரும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். பச்சைப் பதநீரை மூடி திருகிய பாட்டிலில் ஊற்றிப் பையில் போட்டு வெயிலில் பஸ் ஏறுவது வேண்டாத வேலை. நொதித்து வரும் காற்று மூடியைத் தெறிக்க வைக்கும். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் குடிக்கும் டம்ளரில் மட்டும் பிழியுங்கள். மொத்தத்தில் பிழிந்தால் புளிப்பு சுண்ணாம்பை முறித்துவிடும், அப்புறம் நொதிப்பைத் தடுக்க ஒன்றுமில்லை.

கருப்பட்டிப் பானகம் கலங்கலாக, பல்லில் மண் கடிபடுகிறது.

150 கிராம் கருப்பட்டியைத் தட்டி 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 10 நிமிடம் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடியுங்கள். அடியில் தங்கும் கடைசி இரண்டு கரண்டியைப் பிழியாமல் அப்படியே கொட்டிவிட வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் அங்கேதான் இருக்கிறது. சிக்கனம் பார்த்து அதையும் பிழிந்தால் கலங்கத்தான் செய்யும். நெல்லிக்காய் அளவு புளியை 100 மில்லி நீரில் ஊறவைத்துக் கரைத்து இதில் வடித்து, 700 மில்லி நீர், முக்கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, கால் தேக்கரண்டி மிளகுப் பொடி, 4 ஏலக்காய், இரண்டு சிட்டிகை உப்பு. அரை மணி நேரம் ஊறினால்தான் சுக்கு இறங்கும்.

சாயல்குடிப் பக்கக் கருப்பட்டிக்குப் பேர் அதிகம் என்பதால் அந்தப் பேரில் சீனி கலந்ததும் ஓலைக்கொட்டானில் வருகிறது. உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் மினுமினுவென்று சீனிக் கல்லாகப் பளபளத்தால் யோசியுங்கள். அசல் கருப்பட்டி உள்ளே மங்கலாக இருக்கும், வாயில் போட்டால் இனிப்போடு லேசான உவர்ப்பும் வரும்.

நுங்கு சர்பத்துக்கு எந்த நுங்கு?

விரலால் அழுத்தினால் குழிந்து மீளும் இளசு. முற்றியது சர்பத்தில் தேங்காய்ச் சில்லு போலக் கிடக்கும். மேலிருக்கும் வெளிர் மஞ்சள் தோல் துவர்க்கும், உரித்துவிடுங்கள், உரித்ததை வேர்க்குரு மேல் தேய்த்துக்கொள்ளலாம். டம்ளருக்கு மூன்று சுளை: இரண்டைக் கையால் பிசைந்து, ஒன்றைத் துண்டாக்கி, 25 மில்லி நன்னாரி, பாதி எலுமிச்சை. மிக்ஸியில் அடிக்காதீர்கள், கஞ்சியாகிவிடும். சுளையை உடைக்கும்போது உள்ளே இருக்கும் நீர் கீழே போகாமல் டம்ளருக்கு மேலேயே வைத்து உடைப்பது முக்கியம். பாதி ருசி அந்த நீரில்தான்.

இளநீரில் கடல்பாசி போட்டால் கட்டி கட்டியாகத் திரள்கிறது, அல்லது உறையவே மாட்டேன் என்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பிரியாணியில் போடும் கல்பாசி வேறு, இது வேறு. கடைக்காரரிடம் பெயரை மட்டும் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடுவார். இங்கே சொல்வது வெள்ளை இழையாகக் காய்ந்த அகர் அகர். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முக்குளித்து எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் காய்ச்சலாம். ஆனால் கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து போட முடியாது.

10 கிராம் இழையை நறுக்கி அரை மணி நேரம் ஊறவைத்து, 400 மில்லி நீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். 8 முதல் 10 நிமிடம் ஆகும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி இழை ஒன்றுகூடத் தொங்கக் கூடாது. 80 கிராம் சீனியைக் கரைத்து, வடித்து, சூடு ஆறும் முன் 600 மில்லி இளநீரில் ஊற்றிக் கலக்குங்கள். இளநீர் சாதாரண சூட்டில் இருக்க வேண்டும். கடல்பாசி 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே உறைந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இளநீரில் ஊற்றினால் தொட்ட இடமெல்லாம் உறையும். திரள்வது அதனால்தான். உறையாததற்குக் காரணம் இழை முழுதாகக் கரையாதது, இல்லையென்றால் எலுமிச்சையைச் சேர்த்துக் கொதிக்க வைத்தது. புளிப்போடு கொதித்தால் பாசியின் பிடிப்பு போய்விடும். இளநீரைக் கொதிக்க வைக்காததும் ஒரு காரணத்தோடுதான். கொதித்தால் இளநீர் வாசனை போய்ச் சர்க்கரைத் தண்ணீர் ஆகிவிடும்.

ஒருமுறை உறைந்த கடல்பாசி 85 டிகிரி வரை இளகாது. மே மாத மின்வெட்டில்கூடத் தட்டில் நிற்கும். ஜெலட்டின் ஜெல்லி இங்கே மேசைக்கு வருவதற்குள் கரைந்து ஓடும். துண்டு போட்டு நன்னாரியில் மிதக்கவிட்டால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அருமையாக இருக்கும்.

சப்ஜா விதை, பாதாம் பிசின் எவ்வளவு?

சப்ஜா 1 தேக்கரண்டிக்கு 1 டம்ளர் நீர், 20 நிமிடம். பாதாம் பிசின் 1 தேக்கரண்டிக்கு 2 டம்ளர், ஒரு ராத்திரி. மேலே மிதக்கும் மரப்பட்டைத் தூசியை எடுத்துவிடுங்கள். ஊறாத சப்ஜாவை யாருக்கும் கொடுக்காதீர்கள், தொண்டையில் போய் உப்பும்.

100 பேருக்கு நீர்மோர் பந்தல். அளவு சொல்லுங்கள்.

ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் 20 லிட்டர். கெட்டித் தயிர் 5 லிட்டர், தண்ணீர் 15 லிட்டர், உப்பு 100 கிராம், இஞ்சி 150 கிராம், பச்சை மிளகாய் 20, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மல்லித்தழை 2 கட்டு, பெருங்காயம் 2 தேக்கரண்டி. நார்த்தை இலை கிடைத்தால் நடுநரம்பு கிள்ளி 15. இவற்றை உப்போடு சேர்த்து இடித்து, துணியில் கட்டி மோரில் ஊறவிட்டுப் பிழிந்துவிடுங்கள். நறுக்கிப் போட்டால் கேன் குழாயில் அடைத்துக்கொள்ளும், வெயிலில் வந்து மடமடவென்று குடிப்பவருக்கு மிளகாய்த் துண்டு தொண்டையில் சிக்கும். தாளிப்பு வேண்டாம், எண்ணெய் மேலே மிதந்து டம்ளர் ஓரத்தில் ஒட்டும்.

பந்தல் மோர் புளித்துப்போக இரண்டு காரணம். முந்தின மாலை 6 மணிக்கே உறை ஊற்றுவது. இந்தச் சூட்டில் 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும், விடிவதற்குள் புளிப்பேறும். இரவு 11 மணிக்கு ஊற்றுங்கள். இரண்டாவது, 20 லிட்டரையும் ஒன்றாகக் கலக்குவது. தயிரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு 5 லிட்டர், 5 லிட்டராகக் கலக்குங்கள்.

மீன் ஐஸ் கட்டி மலிவாகக் கிடைக்கிறது. பந்தலுக்கு வாங்கலாமா?

பாத்திரத்தைச் சுற்றி வெளியே போட மட்டும். உள்ளே போடக் கூடாது. மீன் பெட்டிக்கு அடிக்கும் ஐஸ் குடிநீரில்தான் செய்ய வேண்டும் என்று யாரும் பார்ப்பதில்லை, உடைக்கும் இடமும் ஏலக்கூடத் தரைதான். குடிநீரை டிபன் டப்பாவில் ஊற்றி உறையவைத்த கட்டி பெரிதாக இருக்கும், மெதுவாகவும் கரையும்.

கடலுக்குப் போகிறவர்கள், உப்பளத்தில் நிற்பவர்கள் என்ன கொண்டுபோகலாம்?

வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். வெறும் தண்ணீரோ வெறும் சர்பத்தோ அதில் பாதியைத்தான் ஈடுகட்டும். உப்புப் போட்ட நீர்மோர் அல்லது நீராகாரம் நல்லது. நீராகாரத்தைச் சோறு ஊறிய 12 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், நடுக்கடலில் 3 மணிக்குத் திறந்தால் வயிற்றுக்குத் தொந்தரவு. நாள் முழுக்க என்றால் 1 லிட்டர் நல்ல நீருக்கு 6 தட்டைத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை 1. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடிப்போனால் வாந்திதான் வரும். கிழக்கே திரும்பி மேற்கே பேசுகிற மாதிரி ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை நோய்க்காரர் கருப்பட்டிப் பானகம் குடிக்கலாம்தானே?

கருப்பட்டியும் இனிப்புதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஒரு டம்ளர் பதநீரில் 20 கிராமுக்கு மேல், 30 மில்லி நன்னாரிப் பாகில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை. அவர்களுக்கு நீர்மோர்தான். இரத்தக் கொதிப்பு இருந்தால் அதிலும் உப்பைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

குளிர்பெட்டி இல்லாமல் எது எவ்வளவு நேரம் தாங்கும்?

பதம் சரியாக வந்த நன்னாரிப் பாகு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு மாதம். கலந்த பானகம் அன்றைக்கு மட்டும். நீர்மோர் 3 மணி நேரம், எலுமிச்சைச் சாறு 2 மணி நேரம். அதற்கு மேல் கசக்கும், விதையோடு பிழிந்திருந்தால் அதற்கு முன்னாலேயே. வெட்டிய இளநீரையும் உரித்த நுங்கையும் கணக்கே பார்க்காமல் அங்கேயே முடித்துவிடுங்கள்.